முப்பது அடி போதும்

அமெரிக்காவின் மேரிலாந்தில், செசபீக் விரிகுடாக் கரையிலுள்ள அனாபொலிஸில் பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறவருக்கு அறிவுரைக்குப் பஞ்சம் கிடையாது. தரகரைக் கேட்டாலும் சரி, துறையில் பக்கத்துப் படகுக்காரரைக் கேட்டாலும் சரி, கயிறும் கப்பியும் விற்கும் கடைக்காரரைக் கேட்டாலும் சரி, முதலில் வருவது ஒரே பேச்சுதான். கையிலிருக்கும் காசுக்கு எட்டுகிற மட்டும் பெரிய படகாக வாங்கிவிடுங்கள் என்பார்கள். சின்னதை வாங்கினால் இரண்டே வருஷத்தில் அதை விற்றுவிட்டுப் பெரியதைத் தேடி வருவீர்கள், அந்த வீண் செலவு எதற்கு என்பார்கள். பெரியது வேகமாக ஓடும், பெரியதுதான் பத்திரம், பெரியதில்தான் வசதி, பந்தயத்துக்கும் அதுவே தோது என்று காரணங்கள் வரிசையாக வரும். இன்னும் இரண்டே அடி நீளம் கூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நினைப்பைப் படகுக்காரர்களே 'இரண்டடி நோய்' என்று கேலி பேசுவார்கள். கேலி பேசி முடித்த கையோடு உங்களுக்கும் அதை ஒட்டவைத்துவிட்டுப் போவார்கள்.

இந்தக் காரணங்களில் ஒன்றுகூட சொல்லப்படுகிற அளவுக்குத் தேறாது. பொதுவாகப் பேசினால் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கிவிடலாம் என்பதால், குறிப்பாக இரண்டு படகுகளை எடுத்துக்கொள்கிறேன். செசபீக் விரிகுடாவில் இரண்டுமே பழைய படகாக விலைக்குக் கிடைப்பவை. ஒன்று ஜே 30. மற்றொன்று கேட்டலினா 36. வாங்குகிறவர்கள் ஒரு கணவனும் மனைவியும், பள்ளி போகும் இரண்டு பிள்ளைகளும். சனி ஞாயிறுகளில் ஏதாவது ஒரு கிளையாற்றுக்குள் புகுந்து நங்கூரம் போட்டுத் தங்கிவர வேண்டும். புதன்கிழமை மாலை, வேலை முடிந்ததும் உள்ளூர்ப் பந்தயத்தில் ஓட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை கொஞ்சம் நீளமான பந்தயம் ஒன்று. இவ்வளவுதான் ஆசை. இந்த ஆசைக்கு எது பொருத்தம் என்பதே கேள்வி. உலகம் சுற்றுவதும் படகிலேயே குடியிருப்பதும் வேறு கேள்விகள்.

முதலில் படகுகளைப் பார்த்துவிடுவோம். ஜே 30-ஐ வரைந்தவர் ராட் ஜான்ஸ்டன். 1976-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டோனிங்டன் ஊரில், வீட்டு கராஜுக்குள் 24 அடிப் படகு ஒன்றைத் தானே கட்டி முடித்து, அந்தக் கோடையிலேயே அதைக்கொண்டு பந்தயங்களை அள்ளியவர். அந்தப் படகுதான் பிறகு ஜே 24 ஆக உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் பரவியது. அதன் அண்ணனாக 1979-இல் வந்தது ஜே 30. ஐந்நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். எடை சுமார் 3,200 கிலோ. தண்ணீரைத் தொடும் நீளம் 25 அடி. சுக்கானைப் பின்பலகைக்கு வெளியே தொங்கவிட்டிருப்பார்கள். அதைத் திருப்ப ஒரு மரப்பிடி, சக்கரம் கிடையாது. உள்ளே ஆறு பேர் படுக்கலாம். சின்ன டீசல் எஞ்சின் உண்டு, கதவு போட்ட கழிப்பறை உண்டு.

கேட்டலினா 36 கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் பட்லர் நிறுவிய கம்பெனியின் சரக்கு. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் படகு விற்க வேண்டும் என்பதில் அவர் குறியாக இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த இந்த 36 அடிப் படகு இரண்டாயிரத்துக்கு மேல் விற்றது. எடை 6,100 கிலோவைத் தாண்டும். தண்ணீரைத் தொடும் நீளம் 30 அடி 3 அங்குலம். பின்பக்கம் தனி அறை, அதில் இரட்டைக் கட்டில், வெந்நீர், குளியல், அடுப்போடு அவன். நல்ல படகு. இந்தப் படகோடு எனக்குச் சண்டை கிடையாது. இதைச் சிபாரிசு செய்ய எடுத்துவைக்கும் காரணங்களோடுதான் சண்டை.

நீளத்தைப் பாருங்கள், எடையையும் பாருங்கள். நீளத்தில் வித்தியாசம் ஆறு அடி, ஐந்தில் ஒரு பங்கு. எடையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தரகர் நீளத்தைச் சொல்லித்தான் விற்பார். பிற்பாடு உங்களிடம் பணம் வசூலிக்கப்போவது எடை.

வேகத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரிய படகுக்காரர்கள் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைப்பது இந்த இடத்தில்தான். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஓடும் படகின் உச்ச வேகத்தை அதன் நீர்க்கோட்டு நீளம் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மை. அந்த நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று, வேகம் வரும். ஜே 30-க்கு 6.7 நாட். கேட்டலினாவுக்கு ஏறத்தாழ 7.4. ஆகவே பெரியது வேகம் என்று முடித்துவிடுகிறார்கள். கணக்கை இன்னும் இரண்டு வரி தொடர்ந்திருக்கலாம். அனாபொலிஸிலிருந்து விரிகுடாவின் எதிர்க்கரையிலுள்ள செயின்ட் மைக்கேல்ஸுக்கு ஏறத்தாழ 25 கடல் மைல். இரண்டு படகுகளும் தங்கள் உச்ச வேகத்திலேயே முழுத் தூரமும் ஓடினால் பெரியது இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேரும். காலையில் கிளம்பிப் பிற்பகலில் நங்கூரம் போடப் போகிற குடும்பத்துக்கு அந்த இருபது நிமிடம் எதற்கு?

அந்த இருபது நிமிடமும் பலத்த காற்றிருந்தால்தான் கிடைக்கும். செசபீக்கின் ஜூலை, ஆகஸ்ட் காற்றை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். காலையில் ஒரு மூச்சு, மதியம் அதுவும் இல்லை, மாலையில் இடியும் மின்னலும். ஐந்தாறு நாட் காற்றில் உச்ச வேகத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? அப்போது படகை நகர்த்துவது எடைக்கு எவ்வளவு பாய் என்ற கணக்கு. ஜே 30-க்கு சுமார் 440 சதுர அடிப் பாய், டன்னுக்கு 140 சதுர அடி. கேட்டலினாவுக்கு சுமார் 555, டன்னுக்கு 90. படகு வரைபவர்கள் இதையே சற்று நியாயமான ஒரு விகிதமாகக் கணிப்பார்கள், படகு பெரிதாக ஆக டன் கணக்கு அதற்குப் பாதகமாகிவிடும் என்பதால். அந்த விகிதப்படி பார்த்தாலும் ஜே 30-க்கு 19-க்கு மேல், கேட்டலினாவுக்கு 16-க்குள். மெல்லிய காற்றில் ஒன்று ஊர்ந்துகொண்டே இருக்கும். மற்றது எஞ்சினைப் போட்டுவிடும். கோடை சனிக்கிழமை மதியம் விரிகுடாவைப் பாருங்கள், பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு டீசலில் போகிற பாய்மரப் படகுகளே அதிகம். பெரும்பாலும் பெரிய படகுகள்தான்.

பந்தய மதிப்பீட்டுக்காரர்கள் இதையெல்லாம் எப்போதோ கவனித்துவிட்டார்கள். அமெரிக்காவில் பல வகைப் படகுகளைச் சேர்த்து ஓடவிடும்போது பி.எச்.ஆர்.எஃப். என்ற முறையில் ஒவ்வொரு வகைக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். ஒரு கடல் மைலுக்கு இத்தனை வினாடி சலுகை என்று பொருள். எண் குறையக் குறைய வேகமான படகு. ஜே 30, கேட்டலினா 36 இரண்டுக்குமே எண் 140-ஐ ஒட்டித்தான் வரும். பகுதிக்குப் பகுதி, பாய்க்குப் பாய் சில வினாடிகள் மாறலாம், அவ்வளவுதான். அதாவது எடையில் பாதியும் நீளத்தில் ஆறடிக் குறைவுமான படகு, பெரியதோடு சரிசமமாக ஓடுகிறது என்று வருஷக்கணக்காகப் பந்தய முடிவுகளைப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஜே 24-ஐயும், அதைவிட ஆறடி நீளமான கேட்டலினா 30-ஐயும் பக்கத்தில் வைத்தால் இன்னும் சங்கடம். பல இடங்களில் சின்னதுதான் வேகமானது என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.

"அப்படியானால் எண் ஒன்றுதானே, பந்தயத்துக்கு எதுவானால் என்ன?" என்று கேட்பார்கள். அங்கேதான் பிசகு. எண் ஒன்றாக இருப்பது காகிதத்தில். சலுகை எண்ணை வைத்து ஓடும் பந்தயத்தில் கரைக்கு வந்து கணக்குப் போட்ட பிறகுதான் யார் ஜெயித்தார் என்று தெரியும். ஜே 30-க்கு அனாபொலிஸில் பழைய, உயிரோட்டமான தனிக்கூட்டம் உண்டு. ஒரே வகைப் படகுகள் ஒன்றோடொன்று ஓடும். சலுகையும் இல்லை, கணக்கும் இல்லை. முன்னால் வந்தவர் முதல். பாய் பிடிப்பதில், திருப்பத்தில், காற்றின் சாய்வைப் படிப்பதில் நீங்கள் செய்யும் தவறு அந்த நொடியே பக்கத்துப் படகு முந்துவதாகக் கண்ணில் படும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கேட்டலினா 36-ஐ வாங்கினால், உங்களுக்கு முன்னால் ஓடும் 35 அடிப் பந்தயப் படகையும் பின்னால் வரும் 28 அடி உல்லாசப் படகையும் பார்த்துக்கொண்டு, சரியாக ஓடினோமா இல்லையா என்றே தெரியாமல் கரைக்கு வருவீர்கள்.

இதோடு சேர்த்து ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். ஜே 30 இலேசான படகு என்பதால் அதில் சுமை ஏற்றினால் உடனே தெரியும். அரை டன் சாமான் ஏற்றினால் அதன் எடையில் ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். கேட்டலினாவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. தவிர, பலத்த காற்றில் ஜே 30 நிமிர்ந்து நிற்க ஓரத்தில் ஆள் உட்கார வேண்டும். பந்தயத்தில் ஆறேழு பேர் இருப்பார்கள், பிரச்சினை இல்லை. குடும்பத்தோடு போகும்போது இருக்கமாட்டார்கள். அப்போது முன்பாயைச் சின்னதாக மாட்டி, பெரிய பாயை மற்றவர்களுக்கு முன்பே சுருக்க வேண்டும். இது குறைதான். ஆனால் சின்னப் பாயைக் கட்டிக்கொண்டும் நன்றாக ஓடக்கூடிய படகின் குறை இது. பெரிய பாயை விரித்தும் நகராத படகின் குறையைவிட எனக்கு இது பரவாயில்லை.

அடுத்தது பத்திரம். பெரிய படகுக்காரர்களின் கையில் இருக்கும் கனமான ஆயுதம் இது, அதற்கு ஒரு பெயரும் உண்டு: ஃபாஸ்ட்நெட் 1979. அந்த ஆகஸ்டில் இங்கிலாந்தின் கவ்ஸிலிருந்து அயர்லாந்துக் கடலோரத்து ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பந்தயத்தில் கிளம்பிய 303 படகுகள் புயலில் சிக்கின. 15 போட்டியாளர்கள் இறந்தார்கள். 24 படகுகளைக் கைவிட்டார்கள், அவற்றில் ஐந்து மூழ்கின. ஓட்டத்தை முடித்தவை 85. ஒட்டுமொத்தத்தில் ஜெயித்தது டெட் டர்னரின் 61 அடிப் படகு. ஆகச் சிறிய பிரிவில் கிளம்பிய 58-இல் ஒன்றே ஒன்றுதான் முடித்தது. பார்த்தீர்களா, சிறியது ஆபத்து என்பார்கள். எண்கள் உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் அந்த ஒன்று எது? அஸெண்ட் என்ற பெயருடைய கான்டெஸ்ஸா 32. முப்பத்திரண்டு அடி. அதைவிடப் பெரிய எத்தனையோ படகுகள் கவிழ்ந்து உருண்ட கடலில் அது ஓடி முடித்துவிட்டுக் கரைக்கு வந்தது. காரணம் அதன் உடற்கட்டு. அகலம் குறைவு, மொத்த எடையில் பாதியை ஒட்டி அடியில் ஈயம், கவிழ்ந்தாலும் நிமிர்ந்துவிடும் வடிவம். அன்று அடிபட்ட பல படகுகள் பந்தய விதிக்காக அகலமாகவும் இலேசாகவும் செதுக்கப்பட்டவை. அந்தப் புயலுக்குப் பிறகு நடந்த விசாரணை கவிழ்ந்த படகு எவ்வளவு சீக்கிரம் நிமிரும் என்ற கேள்வியைப் படகு வரைபவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, மும்பையில் கட்டிய சுஹைலி என்ற 32 அடி மரப்படகில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாளில் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்துவிட்டார். வெப் சைல்ஸ் என்ற அமெரிக்கர் எழுபது வயதுக்கு மேல், 24 அடியே உள்ள மூர் 24-ஐ எடுத்துக்கொண்டு 2014-இல் சான் டியேகோவிலிருந்து கிளம்பி 2019-இல் அங்கேயே திரும்பி வந்தார். அந்தப் படகின் எடை ஒரு டன்னுக்குள்தான்.

இந்த அளவுகோலால் ஜே 30-ஐயும் அளந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. அதன் அகலம் 11 அடிக்கு மேல், நீளத்துக்கு அது அதிகம். அடியில் கனம் மொத்த எடையில் 30 சதவீதம்தான். கேட்டலினாவில் 44. ஆகவே அட்லாண்டிக்கின் நடுவில் புயலில் மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் ஜே 30 வேண்டாம். கேட்டலினாவையும் நான் சொல்லமாட்டேன். கான்டெஸ்ஸா போன்ற ஒன்றைத் தேடுங்கள். நம் குடும்பம் போகப்போவது சராசரி ஆழம் 21 அடியே உள்ள ஒரு விரிகுடாவில். இங்கே பயப்பட வேண்டியது கோடை மாலைப் புயலுக்கு. மேற்கே வானம் கறுத்துப் பத்திருபது நிமிடத்தில் காற்று ஐந்து நாட் வேகத்திலிருந்து நாற்பதுக்கு ஏறிவிடும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விசை நான்கு மடங்காகும். அந்தப் பத்து நிமிடத்தில் பத்திரம் என்பது ஒன்றே ஒன்று. இருக்கிற இரண்டு பெரியவர்கள், ஒருவர் சுக்கானைப் பிடிக்க மற்றவர் பாயை இறக்கிக் கட்டிவிட முடியுமா என்பது. 440 சதுர அடிக்குப் பதில் 555 சதுர அடி, அதற்கேற்ற தடிமனான கயிறு, அதைச் சுற்றி இழுக்க அதற்கேற்ற பெரிய வின்ச். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பது இங்கே பழமொழி மட்டுமல்ல, காவல்படைக்கு ரேடியோவில் அழைப்பு விடுக்க வேண்டிவருமா வராதா என்ற விஷயம்.

துறைக்குள் வரும்போது இது இன்னும் துலக்கமாகத் தெரியும். குறுக்குக் காற்று அடிக்கிறது. இரண்டு தூண்களுக்கு நடுவே படகைச் செருக வேண்டும். மூன்று டன் படகு பக்கவாட்டில் நகர்ந்தால், தூணில் ஒரு கை வைத்துக் காலை ஊன்றித் தள்ளி நிறுத்திவிடலாம். ஆறு டன் படகைக் கையால் தள்ள நினைப்பவர் விரலை இழப்பார். அதனால்தான் பெரிய படகுக்காரர்கள் காற்று அடிக்கும் நாளில் வெளியே போவதில்லை, காற்று இல்லாத நாளிலும் போவதில்லை. கூட ஒருவர் வரமாட்டேன் என்றாலும் போவதில்லை. வெளியூர்க்காரர் யாராவது நடைமேடையில் போகும்போது கைகாட்டி, "அதோ, அது என்னுடையது" என்று சொல்வதற்குப் படகு அங்கேயே நின்றுகொண்டிருக்கும்.

ஆழத்தைப் பற்றி ஒரு நேர்மையான பேச்சு. கேட்டலினா 36-இல் இரண்டு வகைக் கீல் வந்தது. கீல் என்பது படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கும் கனத்த துடுப்பு. சிறகு வைத்த கீலுள்ள கேட்டலினாவுக்கு நாலரை அடித் தண்ணீர் போதும். ஜே 30-க்கு ஐந்தே கால் அடி வேண்டும். செசபீக்கின் கிளையாறுகளில் அந்த முக்கால் அடி பெரிய விஷயம், பெரிய படகு இங்கே ஜெயிக்கிறது. கொஞ்ச நேரத்துக்குத்தான். இந்த விரிகுடாவில் தரை தட்டாதவர் கிடையாது; தட்டிய பிறகு என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நேர்க்கீல் உள்ள படகில் எல்லோரும் ஒரு பக்கம் போய் நின்று சாய்த்தால் கீலின் நுனி மேலே வரும், சேறு விட்டுவிடும், வெளியே வந்துவிடலாம். சிறகுக் கீலைச் சாய்த்தால் ஒரு சிறகு மேலே போகும், மற்றொரு சிறகு இன்னும் ஆழமாகச் சேற்றில் இறங்கும். இங்கே ஏற்ற வற்றம் ஓரிரு அடிதான் என்பதால் அலை ஏறி விடுவிக்கும் என்று காத்திருப்பதும் அவ்வளவு பயன் தராது. இழுவைப் படகுக்குப் போன் போட வேண்டியதுதான்.

வசதியில் கேட்டலினாவோடு போட்டியிட ஜே 30-ஆல் முடியாது. வாதமே வேண்டாம். ஜே 30-இல் உயரமானவர் கொஞ்சம் குனிந்துதான் நிற்க வேண்டும். பிள்ளைகள் படுக்கும் இடம் பந்தயத்தன்று பாய் வைக்கும் இடம். வெந்நீர் இல்லை. ஆனால் வசதி என்று எண்ணுகிற ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பம்ப், ஒரு குழாய், ஒரு வால்வு, ஒரு ஒயர் இருக்கிறது; எல்லாவற்றுக்கும் வயது நாற்பது. வெந்நீர்த் தொட்டி கசியும். குளியலறைத் தண்ணீரை வெளியேற்றும் பம்ப் முடியால் அடைக்கும். குளிர்பெட்டி இருந்தால் இரண்டாவது பேட்டரி, அதற்குச் சார்ஜர், சார்ஜருக்குக் கரை மின்சாரம், கரை மின்சாரத்துக்காகத் துறையை விட்டு நகராமை. நங்கூரம் போட்டு இரவு தங்க வருகிற குடும்பம், வீட்டைத் தேடியா வந்தது? மேரிலாந்தின் ஆகஸ்ட் இரவில் எந்தக் கேபினுக்குள்ளும் புழுக்கம்தான். எல்லோரும் மேலே காற்றாட உட்கார்ந்திருப்பார்கள். பின்னறை இரட்டைக் கட்டில் காலியாகக் கிடக்கும்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் தங்கப் போகிறவர்களுக்கும், ஓய்வு பெற்றுப் படகிலேயே ஃப்ளோரிடா வரை போகிறவர்களுக்கும் இந்த வாதம் பொருந்தாது. அவர்கள் கேட்டலினாவை வாங்கட்டும், பந்தயத்தை மறந்துவிடட்டும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. துறை வாடகை அடிக்கணக்கு, தண்ணீரிலிருந்து தூக்கும் கூலி அடிக்கணக்கு. 36 அடிப் படகு 35 அடி இடத்துக்குள் அடங்காமல் 40 அடி இடத்துக்கு வாடகை கட்டவைக்கும். பாய் சதுர அடிக்கணக்கு. கம்பி, கயிறு, வின்ச், நங்கூரம் எல்லாம் எடைக்கணக்கு. தரகர் இரண்டு விளம்பரங்களையும் பக்கத்துப் பக்கத்தில் காட்டி, "இவ்வளவு வித்தியாசம்தான்" என்று சொல்வது விலைக்கு மட்டும். அந்த விலையை ஒரு தரம் கொடுக்கிறீர்கள். மற்றதை வருஷா வருஷம்.

"எப்படியும் பெரியதுக்குத்தான் போவீர்கள்" என்ற கடைசி வாதம் வாதமே அல்ல, ஜோசியம். ஜே 30-ஐ இருபது, முப்பது வருஷமாக வைத்து ஓடுகிறவர்கள் அந்தக் கூட்டத்திலேயே உண்டு. பெரியதை வாங்கிக் களைத்துப்போய்ச் சின்னதுக்கு இறங்கி வருகிறவர்களும் உண்டு, அவர்களைப் பற்றித் தரகர்கள் பேசமாட்டார்கள். ஒருவேளை நீங்கள் பெரியதுக்கே போனாலும் என்ன? மூன்று பருவம் ஜே 30-இல் பந்தயம் ஓடியவருக்குக் கேட்டலினாவை ஓட்டுவது கஷ்டமே இல்லை. கேட்டலினாவில் மூன்று பருவம் எஞ்சின் ஓட்டியவரை ஜே 30-இல் ஏற்றிப் பாருங்கள்.

அந்த ஆண்டுக்கொரு நீளப் பந்தயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1974-இல் தொடங்கிய கவர்னர்ஸ் கப், மேரிலாந்தின் இன்றைய தலைநகர் அனாபொலிஸிலிருந்து அதன் முதல் தலைநகரான செயின்ட் மேரிஸ் சிட்டி வரை, ஏறக்குறைய 70 கடல் மைல், ராத்திரி முழுக்க ஓடுவது. கோடை நடுவில் நடப்பதால் நள்ளிரவுக்குப் பிறகு பெரும்பாலும் காற்று செத்துவிடும். எஞ்சின் போடக் கூடாது. அந்த நேரத்தில் டன்னுக்கு 140 சதுர அடிப் பாய் என்றால் என்னவென்று தெரியும். மறுநாள் குடும்பத்தைக் காரில் வரவழைத்து, ஏற்றிக்கொண்டு, வழியில் இரண்டு கிளையாறுகளில் தங்கித் தங்கி ஊர் திரும்பலாம். பந்தயமும் உல்லாசமும் ஒரே படகில் என்று எல்லோரும் பேசுகிறார்களே, அது நடைமுறையில் இதுதான்.

இத்தனை சொன்ன பிறகு, ஜே 30-க்கு எதிராக உண்மையில் செல்லுபடியாகும் ஒரு வாதம் மிச்சமிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பெரிய படகுக் கட்சி அதை எடுப்பதே இல்லை. ஜே 30 இலேசாக இருப்பதற்குக் காரணம், அதன் மேல்தளம் மட்டுமன்றி உடலும் இரண்டு ஃபைபர் கிளாஸ் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்துச் செய்தது. பால்சா காய்ந்திருக்கும்வரை இரும்பு. நனைந்தால் ஊறிக் கூழாகும். நாற்பது வருஷத்தில் யாரோ ஒருவர் ஆழம் பார்க்கும் கருவி பொருத்த உடலில் ஓட்டை போட்டிருப்பார். ஓட்டையின் விளிம்பில் மரத்தைச் சுரண்டி எபாக்ஸியால் அடைத்துவிட்டுப் பொருத்த வேண்டும். அதைச் செய்யாமல் பசையைத் தடவி முடுக்கிவிட்டிருந்தால், அன்றிலிருந்து தண்ணீர் உள்ளே நடந்துகொண்டிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, பெயின்ட் பளபளக்கும். வாங்குமுன் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் சின்னச் சுத்தியலால் அடிஅடியாகத் தட்டிக்கொண்டு வருவார். நல்ல இடத்தில் 'டக்' என்று கணீரென்று கேட்கும். பாய்மரக் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடத்தை, கைப்பிடிக் கம்பங்களின் அடியை, தண்ணீருக்குக் கீழுள்ள ஒவ்வொரு வால்வைச் சுற்றியும் தட்டும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'தொப்' என்று கேட்டால் உள்ளே கதை முடிந்தது.

கேட்டலினாவின் உடல் முழு ஃபைபர் கிளாஸ், இந்தக் கவலை தளத்தோடு நின்றுவிடும். அதற்கு அதன் சொந்தக் கவலை உண்டு. பழைய கேட்டலினாக்களில் கீல் உடலோடு சேரும் இடத்தின் முன்னோரத்தில் வளைந்த விரிசல் விழும், துறைக்காரர்கள் அதை 'கேட்டலினா புன்னகை' என்பார்கள். தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், அளவைப் பொறுத்துச் சரிசெய்யலாம்.

ஆகவே நீளத்தைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். இரண்டு படகுகளையும் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். விற்பவரோ தரகரோ கைகாட்டாத ஒரு சர்வேயரை நீங்களே தேடி, கூலியை நீங்களே கொடுத்து அழைத்துப் போங்கள். அவர் தட்டும்போது கூடவே நில்லுங்கள். ஜே 30-இன் பால்சா நனைந்திருந்தால் அதை விட்டுவிட்டு இன்னொரு ஜே 30-ஐத் தேடுங்கள், அந்த விரிகுடாவில் நிறையக் கிடைக்கும். காய்ந்திருந்தால் அன்றே முன்பணம் கொடுத்துவிடுங்கள்.